வெளிநாடு கிளம்புகிறோம், கார் ஷெட்டில் நிற்கப்போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் எங்கள் கார் ஷெட்டில்தான் நிற்கும். பார்த்துக்கொள்ள எழுபது வயதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா வண்டி ஓட்டுவதில்லை. முதல் மூன்று வருடத்தில் இரண்டு பேட்டரி, ஒரு சைலன்ஸர், ஒரு பெரிய வயரிங் வேலை என்று செலவு வந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடமாக வழக்கமான சர்வீஸ் போக, வைப்பர் ரப்பர் மட்டும்தான் மாற்றினோம். நடுவில் என்ன செய்தோம் என்று வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டவைதான் இங்கே இருக்கும் கேள்விகள்.

எத்தனை நாள் நின்றால் கவலைப்பட வேண்டும்?

இரண்டு வாரம் என்றால் ஒன்றும் வேண்டாம். கழுவித் துடைத்து, காற்றுப் பார்த்து நிறுத்துங்கள். ஒரு மாதத்தைத் தாண்டினால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் என்றால் டயர், பிரேக், பெட்ரோல், எலி எல்லாமே கணக்கில் வந்துவிடும். ஊருக்கு ஊர் இது மாறும். கோயம்புத்தூரில் மூடிய ஷெட்டில் நிற்கும் காருக்குக் கொஞ்சம் தள்ளிப்போகும். கடற்கரை ஊரில் திறந்த போர்டிகோவில் நிற்கும் காருக்குச் சீக்கிரம் வரும். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உப்பளக் காற்று வீசும் எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அதனால் நிறுத்துவதற்கு முன் மேலே மட்டும் கழுவினால் போதாது. வாட்டர் வாஷ் கடையில் ஏற்றி அடிப்பக்கத்தையும் கழுவி, பிறகு ஒரு அரை மணி நேரம் ஓட்டிக் காயவைத்து நிறுத்துங்கள்.

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓட விட்டால் போதும் என்கிறார்களே?

எல்லாரும் சொல்லும் யோசனை இதுதான். எங்கள் சைலன்ஸர் போனதும் இதனால்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பா விளக்கேற்றுவது போல மறக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் கழித்து அணைத்துவிடுவார். அவர் மேல் தவறில்லை. செய்யச் சொன்னவன் நான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்ஸர் சூடாகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், அடுத்த வெள்ளி வரை அங்கேயே கிடக்கும். துரு உள்ளேயிருந்து தின்று வரும். வெளியே தெரியும்போது ஓட்டை விழுந்திருக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் இதே கதிதான். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் பாயும். எரியாத மிச்சமும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஆயில் கொதிக்கக் கொதிக்க ஓடினால்தான் அவை ஆவியாகும். பேட்டரிக்காவது லாபமா என்றால், ஸ்டார்ட் எடுக்கும் சில நொடிகளில் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. ஐந்து நிமிட ஐடிலிங் அதைத் திருப்பிக் கொடுத்தால் பெரிது, மேலே சேமிப்பு எதுவும் இருக்காது.

ஓட்ட ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஏசி போட்டு, 15 முதல் 20 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது. ஓட்ட ஆள் இல்லையா, ஸ்டார்ட்டே செய்யாமல் விடுவது மேல்.

ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்யலாமா?

கதவு மூடியிருந்தால் ஒரு நிமிடம்கூடக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றும்போதே எழுந்து போகும் தெம்பு போயிருக்கும். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு இருந்தால் வீட்டுக்குள்ளேயும் பரவும். ஸ்டார்ட் செய்தவுடன் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

அணைத்து வைத்த காரும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் அரைத் தூக்கத்தில்தான் இருக்கின்றன. குறையில்லாத காரில் இது பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). சின்ன காரில் இருக்கும் பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான். வெளியில் வாங்கிப் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா இருந்தால் இன்னும் சீக்கிரம் தீரும். தீர்ந்தபடியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. நம் ஊர் வெயிலில் இது வேகமாக நடக்கும்.

மூன்று மாதத்துக்குள் என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்தாலே பெரும்பாலும் போதும். 10 மி.மீ. ஸ்பேனர் போதுமானது. முதலில் நெகட்டிவ், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். கழற்றிய வயர் திரும்பப் போய்த் தொடாமல் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பிறகு ரிமோட் வேலை செய்யாது, சாவி போட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். டிக்கியில் எடுக்க வேண்டியது இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். சில கார்களில் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் என்றால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கி, ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் மாட்டியே வைத்துவிடலாம். எங்கள் பேட்டரிக்கு இப்போது ஐந்தாவது வருடம். காரணம் இந்தச் சார்ஜர்தான். பழைய மாதிரி சாதாரண சார்ஜரை மாட்டி மறந்துவிடக் கூடாது. அது அளவுக்கு மேல் ஏற்றித் தண்ணீரை வற்றவைக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்றுங்கள், 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறையக் காலி.

டயர் தட்டையாகிவிடுமா?

காற்று குறையும், அதோடு ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தாங்கி அந்த இடம் அமுங்கும். ஓட்டும்போது ‘தட தட’ என்று ஸ்டீயரிங்கில் தெரியும். சில வாரம் நின்றதால் வந்த அமுக்கம் பத்து இருபது கிலோமீட்டரில் சரியாகிவிடும். காற்றில்லாமல் மாதக்கணக்கில் நின்றால் சரியாகாது. கார் கதவோரத்தில் 33 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருந்தால் 38 முதல் 40 வரை அடித்து நிறுத்துங்கள். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மாதம் ஒரு முறை யாராவது வண்டியை ஓரடி முன்னே தள்ளினால் பாரம் வேறிடத்துக்கு மாறும்.

ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஸ்டாண்டில் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. கார் கையேட்டில் காட்டிய இடத்தில், சிமென்ட் தரையில், சரியான ஸ்டாண்டு கொடுத்து ஏற்றுங்கள். ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து.

ஹேண்ட் பிரேக் போட்டு விடலாமா?

வேண்டாம். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள கார்களில், அழுத்தியபடியே மாதக்கணக்கில் நிற்கும் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியர் போட்டால் வண்டி பின்னால் குந்தும், நகராது. கழுவிய ஈரத்தோடு நிறுத்தினால் இது நிச்சயம். முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் போட்டு அதே மாதிரி கட்டை. செங்கல் நசுங்கும்; மரக்கட்டை நல்லது.

டேங்கை நிரப்பணுமா, காலி பண்ணணுமா?

நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் அங்கே ஈரக் காற்று இருக்கும். இரவில் குளிர்ந்து டேங்க் சுவரில் வியர்க்கும். இப்போது நாட்டில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். நிறைந்த டேங்கில் இதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் பெட்ரோல் ஊறுகாய் மாதிரி வருடக்கணக்கில் இருக்காது. ஆறு மாதம் வரை அநேகமாகத் தாங்கும். அதற்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் மருந்தைக் கலந்து, பத்து நிமிடம் ஓட்டி, அது இன்ஜின் வரை போனபின் நிறுத்துங்கள். டீசலும் நிரப்பியே இருக்கட்டும். அதில் தண்ணீர் சேர்ந்தால் பாசி போல நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். சிஎன்ஜி கார் என்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, பெட்ரோலுக்கு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

ஆயில் எப்போது மாற்றுவது?

ஊருக்குத் திரும்பி வந்து மாற்றலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். கிளம்பும் முன் மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அது மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறிக்கிடக்க வேண்டாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்கள் கூலன்ட் மாற்றிவிட்டுப் போகவும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

எலிக்கு என்னதான் வழி?

ஒரு முறை டிசம்பரில் ஊருக்கு வந்து பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நார், வேப்பங்கொட்டை, எங்கள் வீட்டுக் கால்மிதியின் நூல், எல்லாம் சேர்ந்து அழகாக ஒரு கூடு. இன்ஜின் வயரிங்கில் பாதி இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய் ஆனது, பத்து நாள் லீவில் ஆறு நாள் ஒர்க்‌ஷாப்பில் போனது.

முதலில் பலிக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாச்சை உருண்டை கொஞ்ச வாரத்தில் கரைந்து காணாமல் போகும். காருக்குள் போட்டால் அந்த வாடை ஏசியில் ஏறி மாதக்கணக்கில் போகாது, குழந்தைகளுக்கு அது நல்லதும் இல்லை. புகையிலைக் காம்பு புதிதாக இருக்கும்வரை கொஞ்சம் உதவலாம். காய்ந்தபின் எலி அதன் மேலேயே நடக்கிறது. விஷம் வைத்தால் எலி டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் செத்து, நீங்கள் அதைத் தேட வேண்டி வரும்.

பலித்தது ஷெட்டைச் சுத்தம் செய்ததுதான். அரிசி மூட்டை, கோழித் தீவனம், பழைய சாக்கு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வெளியேற்றினோம். ஷட்டருக்குக் கீழே இருந்த இடைவெளியையும் தண்ணீர் போகும் துளையையும் சிறு கண்ணுள்ள கம்பி வலையால் அடைத்தோம். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் சந்து கிடைத்தாலே போதும், அதனால் வலையின் கண் அதற்கும் சின்னதாக இருக்க வேண்டும். காருக்குள் பிஸ்கட் தூள்கூட இல்லாமல் வாக்குவம் போட்டோம். பானட்டைத் திறந்தே வைக்கிறோம். இருட்டும் மறைவும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்ட விரும்பாது. சுவரோரமாக இரண்டு பொறி, கருவாடு வைத்து. எலி போனபின் ஷெட்டுக்குள் சாரைப்பாம்பு வருவதும் நின்றுபோனது. அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

சைலன்ஸர் வாயையும் வலையால் மூடலாம். மூடினால் ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டி வையுங்கள். எதை மூடினீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்று பத்து மாதம் கழித்து நினைவிருக்காது.

கவர் போடலாமா?

மூடிய ஷெட் என்றால் காற்றுப் போகும் துணிக் கவர். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, பெயின்டில் வெள்ளைத் திட்டு விழும், உப்புக்காற்று ஊரில் துருவும் வரும். திறந்த போர்டிகோவில் கவர் காற்றில் படபடத்து, ஒட்டியிருக்கும் மணலை வைத்தே பெயின்டைத் தேய்க்கும். அங்கே இறுக்கிக் கட்ட முடிந்தால் மட்டும் போடுங்கள். எந்தக் கவராக இருந்தாலும் கழுவி, வேக்ஸ் பூசிய வண்டிமேல்தான் போட வேண்டும். தென்னை மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குக் கவரைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்தாவிட்டால் ரப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் மறந்தது அது ஒன்றைத்தான்.

உள்ளே பூஞ்சை பிடிக்காமல் இருக்க?

கடைசியாக ஓட்டும்போது வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கையில் ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். உள்ளே ஏசி காயில் இருக்கும் ஈரம் காயும். கால்மிதிகளை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். ஒரு துணிப்பையில் அடுப்புக்கரி அல்லது சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் ஈரத்தை இழுக்கும். வாசனை ஸ்பிரே, சானிடைசர், லைட்டர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

மழை வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டம் பட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீர் புகுந்த வண்டிகளில் தப்பியிருக்கக்கூடிய பல, வெள்ளம் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவி திருகியதால் வீணாயின. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியைத் தனியாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சென்னைக்காரர்கள் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். அவர்கள் பயம் நியாயமானது. உங்கள் தெரு பள்ளம் என்றால், அக்டோபருக்கு முன்பே மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இடம் கேட்டு வையுங்கள்.

காரைப் பூட்டியே வைக்க வேண்டுமா? ஷெட்டுக்குள்தானே நிற்கிறது?

பூட்டுங்கள். சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். நிற்கும் கார் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு மாதிரி. வெயிலில் நிற்கும் காரின் உள்சூடு சில நிமிடங்களிலேயே தாங்க முடியாததாகிவிடும். இந்தப் பக்கத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் நிற்கும் வண்டிக்கும் வரும். அதோடு, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் வருடக்கணக்கில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது 50 சதவீதம் வரை இருக்கும். தெருவில் நிற்கும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் இருக்கவே கூடாது. குறைவாக ஓடும் வண்டிகளுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கேற்ற பிரீமியம் வாங்கும் பாலிசிகளை 2022-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். வாங்கும்போது எலி கடித்தால் உண்டா, இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் உண்டா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். புகைச் சான்றிதழ் ஊருக்கு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் ஓட்டமே புகைப் பரிசோதனை மையத்துக்காக இருக்கட்டும்.

எலக்ட்ரிக் கார்?

பெரிய பேட்டரியை 100 சதவீதத்திலும் விடாதீர்கள், பத்துக்குக் கீழேயும் விடாதீர்கள். பாதி அளவு நல்லது. சரியான எண் கார் கையேட்டில் இருக்கும். அதிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் கதவே திறக்காது.

வயதான பெற்றோரிடம் எதை ஒப்படைப்பது?

குனிந்து நிமிரும் வேலை எதுவும் கொடுக்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு இப்போது மாதம் ஒரு நாள், பார்க்கும் வேலை மட்டும்தான். சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா, தரையில் ஆயில் கறை உண்டா, எலிப் புழுக்கை கிடக்கிறதா, எந்த டயராவது சப்பையாகத் தெரிகிறதா. வீடியோ காலில் என்னைக் கூட்டிக்கொண்டு காரைச் சுற்றி வருவார். வண்டி தள்ளுவதற்குப் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் மாதம் ஒரு முறை வந்து போகிறார். அவருக்குக் காசு பேசிக் கொடுத்துவிடுகிறோம். சும்மா உதவியாகக் கேட்டால் மூன்றாவது மாதம் நமக்கே கேட்கக் கூச்சமாகிவிடும்.

திரும்பி வந்ததும் முதலில் என்ன?

விமானத்திலிருந்து இறங்கிய களைப்பில் சாவியைத் திருகாதீர்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் சீட்டைப் படித்து, மூடியதை எல்லாம் திறந்து, பானட்டுக்குள் வயர்களையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு. டயரில் காற்றை வழக்கமான அளவுக்குக் குறையுங்கள். டயர் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு ஏழு வருடம் தாண்டி, ரப்பரில் கீறல் ஓடியிருந்தால் நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.

பிறகு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். கால் மெத்தென்று உள்ளே போனால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சாவியை ‘ஆன்’ வரை திருப்பி ஐந்து நொடி, அணைத்து மறுபடி ஐந்து நொடி; பெட்ரோல் பம்ப் அழுத்தம் பிடிக்கட்டும். அதன்பின் ஸ்டார்ட் செய்து வெளியே எடுங்கள். முதல் சில பிரேக்குகளில் ‘கர்ர்’ என்று சத்தம் வரும். டிஸ்க் மேல் பூத்த துரு உரசிப் போகும் சத்தம் அது, ஒரு கிலோமீட்டரில் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒர்க்‌ஷாப். நான் முதல் நாள் துறைமுகச் சாலையில் ஒரு சுற்று மெதுவாகப் போய்வந்து, வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று தரையைப் பார்த்தபிறகுதான் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் கிளம்புவேன்.